சொதப்பலும் இழுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரியம் தடுமாறிக் கெட்டுப்போனால் மியன்மாரில் எங்கள் யாங்கோன் கோயில் வகுப்புப் பிள்ளைகளும் இப்போது ‘சொதப்பல்’ என்கிறார்கள். நல்ல சொல்தான். தண்ணீர் கூடிக் குழைந்த சோற்றைச் ‘சொதசொத’ என்போமே, அந்த ஈரம் இதிலும் கேட்கிறது. ஆனால் ‘இழுக்கு’ என்ற பழைய சொல்லையும் விட்டுவிடக் கூடாது. அவமானம் என்று மட்டும் அதை நினைக்கிறோம். வழுக்குதலும் அதன் பொருள்தான். 415ஆம் குறளில் ‘இழுக்கல்’ என்பது வழுக்கு நிலம். அங்கே ஊன்றுகோல் வேண்டும். 467இல் காரியத்தில் இறங்கிய பிறகு யோசிப்பதுதான் ‘இழுக்கு’. மழைச் சேற்றில் செருப்பு வழுக்கி, பாவாடை நனைய வந்த சிறுமிக்கு இதைச் சொன்னேன், சட்டென்று பிடித்துக்கொண்டாள். உங்கள் இதழின் சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு சொல்லுக்கு இடம் கொடுங்கள்.

ஒரு தமிழாசிரியை, யாங்கோன்