டாக்டராகாத பிள்ளைகளுக்கும் ஆசிரியர்கள் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் 5 அன்று நீங்கள் வெளியிட்ட ஆசிரியர் தினப் பக்கங்களைப் பேத்தியின் போனில் ஒன்று விடாமல் படித்தேன். டாக்டர், கலெக்டர், விஞ்ஞானி என்று பெரிய நிலைக்கு வந்தவர்கள் தங்கள் ஆசிரியர்களை நினைத்து எழுதியிருந்தார்கள். நன்றாகவே இருந்தது, குறை சொல்ல வரவில்லை. ஆனால் போன வாரம் என் தமிழ் மிஸ் வீட்டுக்குப் போய் அவற்றைப் படித்துக் காட்டினேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, பார்வை மங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மீதிப் பிள்ளைகள் யாரும் எழுதவில்லையா?" என்றார். அந்த மீதிப் பிள்ளைகளில் ஒருத்தி நான்.

மொரீஷியஸில் கரும்புத் தோட்டத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஆரம்பப் பள்ளியில் மொழிப் பாட மணி அடித்ததும் இந்திக்கு, உருதுவுக்கு, தெலுங்குக்கு என்று பிள்ளைகள் பிரிந்து போவார்கள், தமிழுக்கு நாங்கள் ஒன்பது பேர். எங்களுக்கென்று தனி அறை கிடையாது, வராந்தாவில்தான் பாடம். வீட்டிலும் தெருவிலும் கிரியோல் என்கிற பிரெஞ்சு கலந்த உள்ளூர் மொழி பேசி வளர்ந்த வாய் எங்களுக்கு, ழகரம் வரவே வராது. மிஸ் ஒவ்வொருவரிடமும் குனிந்து வாயைத் திறந்து நாக்கு எங்கே மடிய வேண்டும் என்று காட்டுவார். (ஆசிரியை என்று எழுதினால் யாரோ போல இருக்கிறது, அதனால் மிஸ் என்றே எழுதுகிறேன்.)

ஒரு நாள் தன் பர்ஸிலிருந்து ஐந்து ரூபாய் நோட்டை எடுத்து எங்கள் கையில் கொடுத்து, இதில் உனக்குத் தெரிந்த எழுத்து எங்கே இருக்கிறது, தேடு என்றார். அதுவரை நோட்டைச் செலவு செய்யத்தான் பார்த்திருக்கிறோம், அதில் தமிழ் இருப்பதே எங்களுக்குத் தெரியாது! எழுத்தெழுத்தாகக் கூட்டி ஒன்பது பேரும் படித்து முடித்த அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 1998இல் புதிதாக அச்சிட்ட நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று இங்கே தமிழர்கள் கொதித்தெழுந்து, கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சிட்டார்களே, அப்போது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வராந்தாதான்.

அப்புறம் இன்னொன்று. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கியதன் நினைவு நாளான நவம்பர் 2 வந்தால் மிஸ் எங்களுக்கு அவர்களின் கதையைச் சொல்வார். 1834இல் தொடங்கி கப்பல் கப்பலாக வந்தவர்கள் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறங்கி, இன்று ஆப்பிரவாசி காட் என்று உலகமே போற்றுகிற அந்தக் கல் படிகளில் ஏறிப் போனதைச் சொல்லி, "உங்கள் பாட்டன்மார் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்தார்கள். நீங்கள் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது" என்பார். வருடா வருடம் அதே வார்த்தை. பத்து வயதில் எனக்கு எங்கே புரிந்தது?

1977 ஜனவரியில் உயர்நிலைப் பள்ளிக் கட்டணத்தை அரசு எடுத்துவிட்டது. நான் அப்போதுதான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பா, கட்டணம் இல்லை, சரி, சீருடைக்கும் பஸ்ஸுக்கும் யார் கொடுப்பது, பெண் பிள்ளை தம்பிகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுவிட்டார். மிஸ் மழையில் எங்கள் வீட்டுக்கு மூன்று முறை வந்தார், மூன்றாவது முறை தன் தங்கையின் பழைய சீருடையைப் பிரித்து எனக்கு அளவாகத் தைத்தே கொண்டுவந்துவிட்டார். அப்பாவால் மறுபேச்சுப் பேச முடியவில்லை. மூன்று வருடம் படித்தேன். அம்மா படுத்த படுக்கையானதும் பின்னலாடைத் தொழிற்சாலைக்குப் போனேன், அப்போது எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் அங்கேதான் போனார்கள். மிஸ்ஸைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது, கஷ்டப்பட்டுச் சேர்த்துவிட்டாரே என்று. அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு நடத்துகிறேன், வேலை விட்டு நேராக வா என்றார். இந்தக் கடிதத்தை நான் தமிழில் எழுத முடிவது அந்த மண்டபத்தால்தான்.

இருபத்தைந்து வருடம் மெஷினில் உட்கார்ந்தேன். 2005இல் வெளிநாட்டு ஆடைச் சந்தையில் எங்கள் நாட்டுக்கு இருந்த கோட்டா (ஏற்றுமதி ஒதுக்கீடு) சலுகை முடிந்து, இங்கே ஆலைகள் வரிசையாக மூடியபோது எங்களுடையதும் மூடியது. வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கொரு ஆங்கிலத் தாளை நீட்டி, கையெழுத்துப் போட்டுச் செக்கை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். மிஸ் குரல் கேட்டது, சத்தியமாகக் கேட்டது. ஓரமாகப் போய் நின்று, தெரிந்த ஆங்கிலத்தில் வரி வரியாகப் படித்தேன், முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் கம்பெனி பெயர் மாறிய வருடத்திலிருந்துதான் எங்கள் சர்வீஸைக் கணக்குப் போட்டிருந்தார்கள், எனக்கு மட்டும் பதினொரு வருடம் காணோம்! வரிசையில் நின்ற பெண்களிடம் சொன்னேன். அன்று நாற்பது பேர் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போனோம். தொழிலாளர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, ஏழு மாதம் கழித்து விட்டுப்போன வருடங்களுக்கும் சேர்த்து வாங்கினோம். அந்தப் பணத்தில்தான் என் வீட்டுக்கு கான்கிரீட் கூரை வந்தது.

இதைப் பல வருடம் மிஸ்ஸிடம் நான் சொல்லவேயில்லை. நன்றி சொல்ல ஏதாவது பட்டமோ பதவியோ கையில் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன் போல. போன வாரம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நாற்பது பேரா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆசிரியர் தினத்துக்கு தையல்காரர், டிரைவர், தோட்டத் தொழிலாளி, வீட்டில் இருக்கும் பெண்கள், இவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். இங்கே நாங்கள் ஆசிரியர் தினம் கொண்டாடுவது அக்டோபர் 5இல். அதற்குள் இது வெளிவந்தால் அவருக்குப் படித்துக் காட்ட வசதியாக இருக்கும். பெயர் வேண்டாம் என்று மிஸ் சொல்லிவிட்டார், அதனால் என் பெயரையும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மொரீஷியஸ்