பள்ளித் தண்ணீர் டம்ளர் குறித்து மூன்றாவது முறையாக அளிக்கும் கோரிக்கை மனு

அனுப்புநர்: மூன்றாம் வகுப்பு மாணவனின் தாய், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். (பெயர், ஊர், பள்ளி விவரம் தனித்தாளில் உள்ளன. பிள்ளைகளின் பெயர் ஊர்வாயில் விழ வேண்டாம் என்பதால் இங்கே எழுதவில்லை.)

பெறுநர்: உயர்திரு வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள், மதுரை மாவட்டம்.

பொருள்: தொடக்கப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே டம்ளரில் தண்ணீர் குடிக்கவும், ஒருவரையொருவர் மதித்துப் பழகக் கற்றுத்தரவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

ஜூலையில் நேரில் ஒரு மனு கொடுத்தேன். ஆகஸ்டில் பதிவுத் தபாலில் இன்னொன்று அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை.

எங்கள் பள்ளி தாங்கள் அறியாத இடம் அல்ல. கால்வாய்ப் பாலம் தாண்டி, மந்தைக்கு எதிரே, வேப்பமரத்துப் பள்ளிக்கூடம். சென்ற ஆண்டு விழாவுக்கு வந்தபோது வராந்தாவில்தான் அமர்ந்திருந்தீர்கள். அந்த வராந்தா மூலையில் இருக்கும் நீல டிரம்மைப் பற்றியே இந்த மனு.

1. டிரம் மூடியின் மேல் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் இருக்கின்றன. காலை இடைவேளையில் எங்கள் தெருப் பிள்ளைகள் முதலில் குடிக்கிறார்கள். காலனிப் பிள்ளைகள் கடைசியில் நிற்கிறார்கள், டம்ளரைத் தொடுவதில்லை. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மொண்டு ஊற்ற, கையைக் குவித்து வாங்கிக் குடிக்கிறார்கள். இப்படி நடக்க வேண்டும் என்று ஆசிரியர் யாரும் சொல்லவில்லை. கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை.

2. இதை நானே பார்த்தேன். மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குச் சற்று முன்னதாகப் போயிருந்தேன். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கையேந்தி நின்றாள். அந்தச் சின்னக் கையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? விரலிடுக்கில் ஒழுகி, முழங்கை வழியாக இறங்கி, சட்டைக் கை முழுக்க நனைந்துவிட்டது. இரண்டு மடக்கு உள்ளே போயிருக்கும். "போதுமா?" என்றாள் ஊற்றியவள். தலையாட்டிவிட்டுப் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அவள் முகத்தில் வருத்தமே இல்லை, ஐயா. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தண்ணீர் இப்படித்தான் கிடைக்கும் என்று ஏழு வயதிலேயே பழகிவிட்டாள்.

பள்ளியில் சொன்னபோது, "வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவரச் சொல்லலாம்" என்றார்கள். பாட்டில் வந்தால் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதானே?

3. அன்று ராத்திரி என் மகனிடம் கேட்டேன். "அவங்க வாய் வச்சா நாங்க எப்படிம்மா அதுல குடிக்கிறது?" என்றான். அவனுக்கு எட்டு வயது. இதை அவன் எங்கே கற்றான் என்று நான் வெளியே யாரையும் கைகாட்ட முடியாது. எங்கள் வீட்டுத் தொழுவத்து இறவாணத்தில், வயல் வேலைக்கு வருபவர்களுக்கென்று ஒரு டம்ளர் செருகியிருந்தது. மாமியார் காலத்திலிருந்து இருந்தது. நானும் அதில்தான் மோர் ஊற்றிக் கொடுத்தேன். இப்போது அதை எடுத்துவிட்டேன். அதற்கு வீட்டில் நடந்த சண்டை தனிக்கதை.

அவனுடைய பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் "தீண்டாமை மனிதநேயமற்ற செயலும் பெருங்குற்றமும் ஆகும்" என்று அச்சிட்டிருக்கிறது. எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "தீண்டாமைன்னா என்னம்மா?" என்று கேட்டான். நீங்கள் டிரம்முக்குப் பக்கத்தில் செய்வதுதான் என்று சொன்னேன். அழுதான். மறுநாள் அந்தச் சிறுமியின் கையில் டம்ளரைக் கொடுத்திருக்கிறான். அவன் கூட்டாளிகள் நாலு நாள் அவனோடு பேசவில்லை. எட்டு வயதுப் பிள்ளை தன்னந்தனியாகச் சுமக்கிற காரியமா இது? பெரியவர்கள் நாம் எதற்கு இருக்கிறோம்?

4. கால் ஊன்ற முடியாத பையன் ஒருவன் விளையாட்டு நேரத்தில் மற்றவர்களின் செருப்புக்குக் காவல் இருக்கிறான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விளையாட்டிலும் இவனைச் சேர்க்கச் சொல்கிறது.

5. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, பிள்ளைகளிடையே பாகுபாடு நடக்காமல் பார்ப்பது அரசின் கடமை என்கிறது. தங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? 1939 ஜூலை 8-ல் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் எல்லோரும் போன மதுரை இது. 2022-ல் காலை உணவுத் திட்டம் தொடங்கியதும் இங்கேதான். ஒரே அடுப்பில் பொங்கிய பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு எழுந்த பிள்ளைகள், பத்தடி தள்ளித் தண்ணீருக்குத் தனித்தனியாக நிற்கிறார்கள். இரண்டு மனுவில் எழுதிவிட்டேன். இன்னும் எத்தனை மனு எழுத வேண்டும்?

நான் யாருக்கும் தண்டனை கேட்கவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். எண்ணும் எழுத்தும் வகுப்பில் பாட்டுப் பாடி, பொம்மை காட்டி எவ்வளவோ புரியவைக்கிற ஆசிரியர்களுக்கு இது முடியாததல்ல. வாரம் ஒரு பாடவேளை இதற்கு ஒதுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் முறை வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். காலனிப் பிள்ளை ஊற்றி எங்கள் பிள்ளை குடிக்கட்டும். உட்காருவது அகரவரிசையில் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளிடையே சாதி வேற்றுமையைப் போக்க அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையிலும் இது இருக்கிறது. அப்புறம், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். முதல் ஆளாக நான் வந்து, எங்கள் வீட்டு டம்ளரைப் பற்றிச் சொல்கிறேன்.

தயவுசெய்து ஒருமுறை நேரில் வாருங்கள், ஐயா. முன்கூட்டித் தகவல் சொல்லாமல் காலை இடைவேளைக்கு வாருங்கள். வேறு நேரத்தில் வந்தால் டிரம்மும் டம்ளரும் மட்டும்தான் கண்ணில் படும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்படி மனுதாரர்

இணைப்பு: விவரத் தனித்தாள், முந்தைய இரு மனுக்களின் நகல், ஒப்புகை அட்டை நகல்.