ஞாயிற்றுக்கிழமை ஒரு காய்கறி அடை

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

மதிய உணவு நேரத்தில் நான் பிள்ளைகளோடு வராந்தாவில்தான் உட்காருவேன். போன வாரம் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி சாம்பாரில் கிடந்த கேரட் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, பிடிக்கலையா?" என்றேன். "வீட்லயும் சாப்பிட மாட்டேன் சார்" என்றாள். தட்டு கழுவும் குழாயடியில் போய்ப் பார்த்தால், காயைக் கொட்டியவள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் காய்கறி அடை சுடுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுடுங்கள்.

ரேஷன் புழுங்கலரிசியே போதும். அரிசி 2 டம்ளர், துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் அரை அரை டம்ளர், உளுந்து ஒரு கைப்பிடி. நன்றாகக் கழுவி 3 மணி நேரம் ஊற வைத்து, காய்ந்த மிளகாய், சோம்பு, உப்பு, பெருங்காயத்தோடு கொரகொரப்பாக அரைத்தெடுங்கள். புளிக்க வைக்க வேண்டாம். சின்ன வெங்காயம், கேரட் துருவல், பொடியாக நறுக்கிய முட்டைகோஸ் எல்லாம் சேரும். உப்பு பட்டதும் கோஸ் தண்ணீர் விட்டுவிடும். சுடுவதற்குச் சற்று முன்னால் கலந்தால் மாவு நீர்த்துப் போகாது.

முருங்கைக்கீரையைக் கட்டாயம் சேருங்கள். சனிக்கிழமை இரவு கொத்தை ஒரு துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். காலையில் பிரித்து உதறினால் இலை தானாக உதிரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அதைச் செய்யலாம். கேரட் துருவுவது பெரிய பிள்ளைகளுக்கு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். அடுப்பு வேலை முழுக்க உங்களுடையது.

மாவைக் கனமாக ஊற்றி, நடுவில் ஒரு ஓட்டை போட்டு, ஓட்டையிலும் சுற்றிலும் எண்ணெய் விடுங்கள். தீ சிறியதாக இருக்கட்டும். கனமான அடை நடுவில் வேகாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த ஓட்டை. பிள்ளை கேட்டால் சொல்லிக்கொடுங்கள். ஓரம் சிவந்து மொறுமொறுவென்று வந்ததும் திருப்பிப் போடுங்கள்.

காயை அரைத்து, தெரியாமல் கலந்து ஊட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தான் உதிர்த்த கீரை தன் அடையில் பச்சையாகத் தெரிய வேண்டும், அதைத் தெரிந்தே பிள்ளை சாப்பிட வேண்டும். முதல் நாள் பாதி அடைதான் இறங்கும் என்றால் பாதியே போதும். திட்ட வேண்டாம், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம்.

அரிசியில் குறைவாக இருக்கும் புரதக்கூறு பருப்பில் உண்டு, பருப்பில் குறைவது அரிசியில் உண்டு. இரண்டும் சேர்ந்த அடை வளரும் பிள்ளைக்கு நல்ல உணவு. கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சையின் புளிப்பு உதவும். டீ அதைத் தடுக்கும். ஆகவே அடையோடு டீ தராதீர்கள். தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து கொடுங்கள். வாரம் ஒருமுறை பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கணக்குதான்.

காலையில் வேலைக்கு ஓடும் வீடுகள் நம் ஊரில் நிறைய என்பதை அறிவேன். ஞாயிறு முடியாவிட்டால் வேறொரு நாள் மாலையில் செய்யுங்கள். கடலைப்பருப்பு ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் அதை விட்டுவிட்டுத் துவரம்பருப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும், யார் கீரை உதிர்த்தது, யார் கேரட் துருவியது என்று வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்பேன். அந்தக் கேரட் பெண்ணிடம்தான் முதலில்.

அன்புடன்,
தலைமையாசிரியர்