குளத்து மீன்கள் விளையாடவில்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பங்குனி உத்திரப் படங்களோடு எங்கள் ஊர்க் கோயில் குளத்தின் படமும் வந்திருந்தது. விடியற்காலையில் எடுத்த படம். தண்ணீருக்கு மேலே வாயைத் தூக்கிக்கொண்டு அத்தனை மீன்கள். கீழே, "பக்தர்களைக் கண்டு துள்ளி விளையாடும் மீன்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அவை விளையாடவில்லை, ஐயா. மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன.

யாங்கோனுக்கு அருகே துவாந்தே பக்கம் 22 வருடம் மீன்குளம் வைத்திருந்தவன் நான். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் வரை பிடித்துவைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆனால் அந்தச் சூட்டில்தான் மீனின் உடம்பு அதிக மூச்சுக் கேட்கும். பகலில் வெயில் பட்டால் பாசி பிராணவாயுவை விடும். இரவில் அந்தப் பாசியே அதை இழுத்துக்கொள்ளும். அதனால் விடிவதற்குச் சற்று முந்திய நேரம்தான் குளத்துக்குக் கண்டம். மீன் முதலில் செவுளை வேகமாக அடித்துப் பார்க்கும். இரை எடுக்காது. அதிகம் அசையாது. அப்புறமும் போதாவிட்டால் மேலே வந்து, காற்று படுகிற அந்த மெல்லிய மேல்தண்ணீரை வாயால் இழுக்கும். அங்கே மட்டும்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கும். உங்கள் படத்தில் இருப்பது அதுதான்.

ஒரு சித்திரை மாதம் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். கடும் வெயிலுக்குப் பிறகு இரண்டு நாள் ஒரே மப்பு. அன்று மாலையும் வழக்கம்போலத் தவிடும் புண்ணாக்கும் போட்டுவிட்டேன். போட்டிருக்கக் கூடாது. இரவு மூன்று மணிக்குக் குளத்துப் பக்கமிருந்து சப்சப்பென்று சத்தம். டார்ச் அடித்தேன். வெளிச்சம் பட்டதும் பாய்ந்து உள்ளே போகிற ரோகு மீன் ஒன்றுகூட நகரவில்லை. கரையோரம் முழுக்க வட்டவட்டமான வாய்கள். பம்பைப் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டினோம். என் மனைவியும் பக்கத்துக் குளத்துப் பர்மியப் பையன்களும் மூங்கிலால் தண்ணீரை அடித்தார்கள். விடிந்தபோது பெரிய மீன்கள்தான் முதலில் மிதந்தன, வாய் திறந்து, செவுள் விரிந்து. என் மனைவி கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதே வாயைத் திருவிழாப் பக்கத்தில் வண்ணத்தில் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

கோயில் பொறுப்பில் இருக்கும் ஒருவரிடம் குளத்தில் தண்ணீரைச் சுழற்ற ஒரு சின்ன மோட்டார் வைக்கலாம் என்று இரண்டு முறை கேட்டேன். "பஜாரில் ஙாயான் கூடையிலேயே உயிரோடு கிடக்கிறதே, மீனுக்கு என்ன?" என்றார். ஙாயான் என்பது விரால். விராலும், மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸுக்குப் போகிற ஙாக்கூ கெளுத்தியும், பனையேறியும் நேராகக் காற்றையே விழுங்கி மூச்சுவிடும். அதற்கென்று அவற்றின் தலைக்குள்ளேயே அமைப்பு இருக்கிறது. கோயில் குளத்தில் இருக்கும் ரோகுவுக்கு அது கிடையாது. ஆனால் எல்லோருக்கும் மீன் என்றால் மீன்தான்.

தங்கள் இதழ் மேல் எனக்குள்ள வருத்தம் இன்று வந்ததல்ல. சில வருடங்களுக்கு முன் சிறுவர் பக்கத்தில், தங்கமீன் பிராணவாயு இல்லாமலேயே வாழும் என்று எழுதினீர்கள். பனி மூடிய குளிர்நாட்டுக் குளத்தில், உடம்பில் சேரும் கழிவைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றி அது தாக்குப்பிடிக்கும், உண்மைதான். நம் வெயிலுக்கு அது உதவாது. என் பேத்தி அதைப் படித்துவிட்டுத் தன் இரண்டு தங்கமீன்களையும் மூடி போட்ட பாட்டிலில் வைத்தாள். சாயங்காலம் வரைகூட அவை தாங்கவில்லை. அப்போதே கடிதம் எழுதினேன். பிரசுரிக்கவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

2024 ஏப்ரல் 28 அன்று மத்திய பர்மாவின் சௌக் ஊரில் 48.2 டிகிரி வெயில் அடித்தது. மனிதர்கள் பட்ட பாட்டை எழுதினீர்கள், நல்லது. குளங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. தின்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்த பர்மியப் புத்தாண்டு நாளில் புண்ணியத்துக்காக மீன் விடுகிறார்கள். நம்மவர்களும் வாங்கி விடுகிறோம். அந்த மீன்கள் கட்டிய பிளாஸ்டிக் பையில், உச்சி வெயிலில், எத்தனை மணி நேரம் காத்துக் கிடக்கின்றன என்று பாருங்கள். பையைத் தொட்டாலே சுடுகிறது. அதையும் வருடா வருடம் படம்தான் போடுகிறீர்கள்.

படம் எடுத்த தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. பார்த்ததை எடுத்தார். அது என்ன என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. தங்கள் இதழை மாதம் தவறாமல் வாங்குகிறவன் என்பதால் கேட்கிறேன். அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்திப் போடுங்கள். இடம் இருந்தால் இன்னும் ஒரு வரி சேருங்கள்: மழை பிடிக்கும் வரை கோயில் குளத்தில் ரொட்டியும் பொரியும் போட வேண்டாம். மீன் தின்னாமல் விட்டது அடியில் அழுகி, இருக்கிற கொஞ்சம் பிராணவாயுவையும் தின்றுவிடும். என் பெயர் போடவேண்டிய அவசியமில்லை.

இப்படிக்கு,
துவாந்தேயில் மீன்குளம் வைத்திருந்த வாசகன்