பதினேழு பேரும் எங்கள் வீட்டுக் கிணறும்

கௌரவ சுகாதார அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சின் செயலாளருக்கும், அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் எதை வெட்டலாம் என்று தேடிக்கொண்டிருக்கும் திறைசேரி அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை. மருத்துவம் படித்தவளல்ல. மலேரியாவைப் பற்றி உங்களுக்கு எழுத எனக்கிருக்கும் தகுதி ஒன்றுதான்: 1996 இல் வன்னியில் அது எனக்கு மூன்று தடவை வந்தது.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து, கிளாலிக் கடல் தாண்டிப் போய் ஒரு கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். பின்னேரம் மூன்று மணியளவில் குளிர் தொடங்கும். அம்மா தன் சேலைகள் அத்தனையையும் எடுத்துப் போர்த்துவார், அதற்கு மேல் இரண்டு சாக்கு. அப்போதும் பல் கிட்டி நடுங்கும். பிறகு உடம்பு நெருப்பாகக் காயும், வியர்த்து ஊற்றும், பசிக்கும். அடுத்த நாள் ஒன்றுமே நடவாததுபோல எழும்பிப் பள்ளிக்கூடம் போவேன். ஒன்றுவிட்ட ஒருநாள் அது திரும்ப வரும் என்பது எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். “நாளைக்கு எனக்குக் காய்ச்சல் நாள், கணக்கை எழுதி வை” என்று பிள்ளைகள் முதல் நாளே சொல்லிவிட்டுப் போவார்கள். இடாப்பில் வரவு பதிந்த ஆசிரியருக்குக் கோபமே வராது. அவருக்கும் ஒரு காய்ச்சல் நாள் இருந்தது. குளோரோகுயின் குளிசையின் கசப்பு இன்றைக்கும் நாக்கின் அடியில் இருக்கிறது.

இன்று என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு மலேரியா என்பது விஞ்ஞானப் பாடத்தில் ஐந்து புள்ளிக்கு வரும் வினா. இந்த மாற்றத்தைச் செய்தது அரசாங்கம். அரசாங்கத்தைத் திட்ட எனக்கு வேறு காரணங்கள் நிறைய இருப்பதால், இதைச் சொல்லும்போது என் பேச்சை நீங்கள் நம்பலாம். 1999 இல் இந்த நாட்டில் பதிவான மலேரியா நோயாளிகள் 264,549 பேர். யுத்தம் முடியுமுன்பே, 2008 இல், அது ஆயிரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. முன்னரங்கின் இரண்டு பக்கத்திலும் நுளம்பு கடித்தது; ஆகவே மருந்தடிப்பவர்களை இரண்டு பக்கமும் உள்ளே விட்டது. வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். 2012 ஒக்ரோபரில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பீர்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் எழுதி மாட்டுங்கள்: 17.

1963 இல் இந்த நாடு முழுவதிலும் மலேரியா கண்டவர்கள் பதினேழு பேர்தான். 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேரைப் பறிகொடுத்த நாடு, முப்பது வருடத்துக்குள் அந்த எண்ணுக்கு வந்திருந்தது. வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. என்ற பூச்சிமருந்து அடித்ததன் பலன் அது. கொழும்பில் யாரோ ஒருவர் மேசையில் கணக்குப் போட்டிருப்பார்: பதினேழு பேருக்காக இத்தனை ஆட்கள், இத்தனை வாகனங்கள், இத்தனை மருந்து எதற்கு? கணிதம் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கணக்கில் வகுத்தலும் பெருக்கலும் சரி, எதை எதால் வகுப்பது என்பதுதான் பிழை. மருந்தடிப்பது நின்றது, கண்காணிப்பும் தளர்ந்தது. சில வருடம் ஒன்றும் நடக்கவில்லை. 1967 இல் காய்ச்சல் தலைகாட்டியது. 1968, 69 இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் படுத்தார்கள். மறுபடி டி.டி.ரி.யைத் தூக்கிக்கொண்டு ஓடினால், நுளம்பு அதற்கு வசப்படாததாக மாறிக்கொண்டிருந்தது. 1977 இல் மலத்தியன் என்ற வேறொரு பூச்சிமருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. அந்த நாற்றம் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பதினேழிலிருந்து பூச்சியத்துக்கு வர, இடையில் நாற்பத்தொன்பது வருடம் போயிற்று. அந்த நாற்பத்தொன்பது வருடத்துக்குள்தான் என் மூன்று காய்ச்சலும் அடங்கும்.

இப்போது பூச்சியத்தில் இருக்கிறோம். பூச்சியத்தைப் பூச்சியமல்லாத எந்த எண்ணாலும் வகுக்கலாம், விடை பூச்சியம்தான். இதைத் திறைசேரியில் இருப்பவர்கள் எப்போது கண்டுபிடிப்பார்களோ என்பதுதான் என் பயம். 2022 இல் மருந்துக்கு டொலர் இல்லாமல் வைத்தியசாலைகள் தவித்ததைப் பார்த்தோம். வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனதையும் பார்த்தோம். இல்லாத நோய்க்குச் சம்பளம் எதற்கு என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டால், கேட்டவரை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். 1963 இலும் கேட்டவர்கள் முட்டாள்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

நோய் போனாலும் நுளம்பு போகவில்லை. அதைவிட, புதிதாக ஒன்று வந்திருக்கிறது. 2016 டிசெம்பரில், சான்றிதழ் கிடைத்து மூன்றே மாதத்தில், மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற இனத்தைக் கண்டுபிடித்தார்கள். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு அது. பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். நம்முடைய பழைய எதிரி ஆற்றுப் படுகைகளில் தேங்கும் நீரில் பெருகியது. அதனால் கிராமங்களே அதிகம் அடிவாங்கின. இந்தப் புதியது கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடும். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு ஒரு கிணறு. ஆபிரிக்காவில் ஜிபூட்டி என்ற சின்ன நாட்டில் இதே நுளம்பை 2012 இல் முதன்முதலில் கண்டார்கள். அந்த வருடம் அங்கே மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020 இல் எழுபதாயிரத்துக்கு மேல். பதினேழுக்கும் இருபத்தேழுக்கும் எவ்வளவு தூரம்?

எனது சித்தப்பாவின் மகன் ஆபிரிக்க நாடொன்றில் கட்டட வேலை முடித்து வந்த பத்தாம் நாள் காய்ச்சலில் விழுந்தான். இரண்டு இடங்களில் காட்டினோம். இரண்டு இடத்திலும் டெங்குப் பரிசோதனை, இல்லை என்ற அறிக்கை, பரசிற்றமோல். டெங்குதான் முதலில் நினைவுக்கு வரும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2017 இல் ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரம் டெங்கு நோயாளிகளைக் கண்ட நாடு இது. மூன்றாவது இடத்தில் ஒரு வயதான வைத்தியர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, எங்கேயிருந்து வந்தீர்?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான். இரத்தம் குத்திக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்தார்கள். ஆளைக் கொல்லக்கூடிய பல்சிபாரம் வகை. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் இந்த மடல் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அதன்பிறகு நடந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம். மறுநாளே மலேரியா தடை இயக்கத்தின் ஆட்கள் வந்துவிட்டார்கள். அயலில் இருந்தவர்களுக்கெல்லாம் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். ஒருவர் எங்கள் கிணற்றுக்குள் வாளியை இறக்கி, தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றி, டோர்ச் அடித்துப் பார்த்தார். “ரீச்சர், இங்கே பாருங்கள். குடம்பி, அதுதான் நுளம்புப் புழு, தண்ணீர் மட்டத்துக்குச் சமாந்தரமாகக் கிடந்தால் அது அனோபிலிஸ். சரிந்து தலைகீழாகத் தொங்கினால் வேறு சாதி” என்றார். தட்டில் இருந்தவை தொங்கிக்கொண்டிருந்தன. இருபது வருடமாகச் சமாந்தரக் கோடுகளைக் கற்பிக்கிறேன். அதைப் பார்த்து இவ்வளவு நிம்மதிப்பட்டதில்லை. போகும்போது, குடம்பிகளைத் தின்னட்டும் என்று ஒரு பையில் கொண்டுவந்த குப்பி மீன்களைக் கிணற்றில் விட்டுவிட்டுப் போனார்.

அந்த மனிதர்தான் நான் இந்த மடல் எழுதக் காரணம். அவர் ஓய்வுபெற்றால் அந்த இடத்துக்கு இன்னொருவரை எடுப்பீர்களா? எடுத்தால், குடம்பி எப்படிக் கிடக்கும் என்று பார்த்துப் பழக அவரோடு ஒரு வருடமாவது நடக்க விடுவீர்களா? ஆய்வுகூடத்தில் வருடக்கணக்காக மலேரியாக் கிருமியைக் கண்ணால் காணாதவர், காணும் நாளில் அதை அடையாளம் பிடிக்க வேண்டும். அதற்குப் பயிற்சித் தகடுகளை அடிக்கடி அனுப்ப வேண்டும். பல்சிபாரத்துக்கான ஊசிமருந்து மாவட்ட வைத்தியசாலைகளில் இருப்பில் இருக்க வேண்டும். பாவிக்காமலே திகதி முடிந்து எறிய வேண்டி வரும், வரட்டும். கணக்காய்வாளர் அதை வீண்விரயம் என்று எழுதினால், தீயணைப்பு வண்டியின் தண்ணீரையும் வீண்விரயம் என்று எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதற்குக் காசே வேண்டாம். வெளிநோயாளர் பிரிவில் எழுதும் துண்டில் காய்ச்சலுக்குக் கீழே ஒரு வரி அச்சடியுங்கள்: கடந்த ஒரு வருடத்துக்குள் எந்த நாட்டுக்குப் போனீர்? பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கிறது, காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது. போய்வரட்டும், நானும் போய்வந்தவள்தான். வெளிநாடு போகிறவர்களுக்கு மலேரியா தடை இயக்கம் இலவசமாகத் தடுப்புக் குளிசை கொடுப்பது எனக்கே சித்தப்பா மகன் படுத்த பிறகுதான் தெரிந்தது. கடவுச்சீட்டு எடுக்கும் இடத்தில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும்.

எங்கள் கிணற்றில் அந்தக் குப்பி மீன்கள் குட்டி போட்டுப் பெருகியிருக்கின்றன. ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது யாரையாவது அனுப்பி வாளி இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். போன தடவை கயிறு இற்றுப்போயிருந்தது, அவர் சிரமப்பட்டார். புதுக் கயிறு வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை
யாழ்ப்பாணம்