ஜெர்சியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

ஐரோப்பியக் கால்பந்து அணிகளின் ரசிகர் மன்றங்களை நடத்துபவர்களுக்கும், அவற்றில் இரவும் பகலும் வாதாடும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு வீரர் மீது நிறவெறிப் புகார் எழுந்தவுடன் உங்கள் மன்றங்களில் என்ன நடக்கிறது என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். குற்றம் சாட்டப்பட்டவர் நம் அணிக்காரர் என்றால் "ஆதாரம் எங்கே?" என்று கேட்கிறோம். எதிரணிக்காரர் என்றால் "எத்தனை ஆட்டங்கள் தடை?" என்று கேட்கிறோம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இந்த ஓரவஞ்சனையைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன்.

இன்றுவரை ஓயாத பழைய சண்டையையே எடுத்துக்கொள்வோம். 2011 அக்டோபர் 15 அன்று ஆன்ஃபீல்டு மைதானத்தில் லிவர்பூலின் லூயிஸ் சுவாரெஸ் தன் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தியதாக மான்செஸ்டர் யுனைடெட்டின் பட்ரீஸ் எவ்ரா புகார் சொன்னார். அடுத்த வாரமே லாஃப்டஸ் ரோடு மைதானத்தில் செல்சியின் ஜான் டெர்ரி, எதிரணியின் ஆன்டன் ஃபெர்டினாண்டை நிறவெறியோடு வசைபாடியதாகப் புகார் வெடித்தது. இங்கிலாந்து கால்பந்து சங்கத்தின் விசாரணைக் குழுக்கள் சுவாரெஸுக்கு 8 ஆட்டங்கள் தடையும் 40,000 பவுண்டு அபராதமும், டெர்ரிக்கு 4 ஆட்டங்கள் தடையும் 2,20,000 பவுண்டு அபராதமும் விதித்தன. ஒருவருக்கு எட்டு, இன்னொருவருக்கு நான்கா? டெர்ரி இங்கிலாந்து அணியின் கேப்டனாக இருந்தவர் என்பதால் சலுகையா? இந்தக் கேள்வியை வைத்து இரு தரப்பும் மல்லுக்கட்டாத ஆண்டே இல்லை.

சுவாரெஸ் வழக்கில் வெளியான தீர்ப்பு 115 பக்கங்கள் கொண்டது. மல்லுக்கட்டுபவர்களில் அதைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. எவ்ராவுடன் நடந்த வாக்குவாதத்தில் நிறத்தைக் குறிக்கும் அந்தச் சொல் ஏழு முறை வந்தது என்று அந்தக் குழு முடிவுசெய்தது. டெர்ரி மீதான குற்றச்சாட்டோ ஒரே ஒரு முறை கத்திய வசவைப் பற்றியது. அந்த வேறுபாட்டுக்கு நான்கு ஆட்டங்கள் சரியான அளவா என்று தாராளமாகக் கேட்கலாம். ஆனால் வேறுபாடே இல்லை என்று சாதிப்பது விவாதம் ஆகாது.

டெர்ரியை நீதிமன்றம் 2012 ஜூலையில் விடுவித்ததே, பிறகு சங்கம் எப்படித் தண்டிக்கலாம் என்பது அடுத்த வாதம். குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். சங்கத்தின் விசாரணையில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். ஒரே சம்பவம் முதல் இடத்தில் விடுதலையாகவும் இரண்டாவது இடத்தில் தண்டனையாகவும் முடிவதில் முரண்பாடு ஏதுமில்லை.

இந்த எண்ணிக்கைச் சண்டைகளைவிட என்னை உறுத்துவது வேறு. சுவாரெஸுக்குத் தடை அறிவிக்கப்பட்ட மறுநாள் லிவர்பூல் வீரர்கள் அவருடைய படம் போட்ட டி-ஷர்ட்டுடன் மைதானத்தில் பயிற்சிக்கு இறங்கினார்கள். 2012 ஜனவரியில் எவ்ரா மீண்டும் ஆன்ஃபீல்டுக்கு வந்தபோது, பந்து அவர் காலுக்கு வந்த ஒவ்வொரு முறையும் அரங்கம் கூச்சலிட்டு ஏளனம் செய்தது. விசாரணை முடிந்து, புகார் உண்மை என்று தீர்ப்பும் வந்துவிட்டது. அதன் பிறகும் கூண்டில் ஏற்றப்பட்டவர் புகார் சொன்னவர்தான். அந்த டி-ஷர்ட் பெரிய தவறு என்று அன்றைய லிவர்பூல் வீரர் ஜேமி கேரகர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எவ்ராவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டது 2019-இல். எட்டு ஆண்டுகள் ஆயின. வீரர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்தது. அன்று கூச்சலிட்ட ரசிகர்கள் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

புகார் சொன்னவர்களுக்கு மைதானத்திலும் இதே கதிதான். 2017-இல் காலியாரி மைதானத்தில் நிறவெறிக் கூச்சலைப் பற்றி நடுவரிடம் முறையிட்ட சுல்லி முன்தாரிக்கு மஞ்சள் அட்டை கிடைத்தது. மனம் பொறுக்காமல் களத்தைவிட்டு வெளியேறினார்; அதற்கும் ஓர் அட்டை. 2023-இல் யுவென்டஸ் மைதானத்தில் தன்னை இழிவுபடுத்திய கேலரியை நோக்கி, கோல் அடித்த கையோடு உதட்டில் விரல் வைத்துக் காட்டிய ரொமேலு லுகாகுவுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டி வெளியேற்றினார்கள். அந்த வெளியேற்றத்தால் இருவர் மீதும் விழுந்த தடை பின்னர் நீக்கப்பட்டது உண்மை. ஆனாலும் அந்த அட்டைகளைப் பார்த்த இளம் வீரர்கள், வாயை மூடிக்கொண்டு ஆடுவதே நல்லது என்றுதானே முடிவுக்கு வந்திருப்பார்கள்?

அதிகார அமைப்புகள் மீது உங்களுக்குள்ள கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. 2012 யூரோ போட்டியில் கோல் அடித்துவிட்டு, பந்தய நிறுவனம் ஒன்றின் பெயர் பொறித்த உள்ளாடையைக் காட்டிய டென்மார்க்கின் நிக்லாஸ் பென்ட்னருக்கு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா விதித்த அபராதம் 1,00,000 யூரோ. அதே தொடரில் ரசிகர்களின் நிறவெறிச் செயலையும் பட்டாசு வீச்சையும் சேர்த்து குரோஷியாவுக்கு விதித்தது 80,000 யூரோ. அதே ஆண்டு மான்செஸ்டர் சிட்டியின் பலோடெல்லியை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்திய போர்ட்டோ ரசிகர்களுக்காக அந்த கிளப் கட்டியது 20,000 யூரோ. வேறொரு ஆட்டத்தில் இடைவேளைக்குப் பின் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத் தாமதித்து வந்த மான்செஸ்டர் சிட்டி கட்டியது 30,000 யூரோ. இதற்குக் கொதிக்காமல் வேறு எதற்குக் கொதிப்பது? நான் கேட்பதெல்லாம், அந்தக் கொதிப்பு நம் அணிக்காரர் சிக்கும்போதும் அணையாமல் இருக்கவேண்டும் என்பதுதான்.

2013-இல் யூஃபா, நிறவெறியில் ஈடுபடும் வீரருக்குக் குறைந்தது 10 ஆட்டங்கள் தடை என்று விதியை இறுக்கியது. இங்கிலாந்தின் விதி வேறு. அதனால்தான் சமூக ஊடகத்தில் நண்பருக்கு நன்றி சொல்லும்போது நிறத்தைக் குறிக்கும் ஒரு சொல்லைப் பயன்படுத்திய எடின்சன் கவானிக்கு 3 ஆட்டங்களும், தொலைக்காட்சிப் பேட்டியில் தன் அணித் தோழரான தென்கொரியாவின் சன் ஹியுங்-மின்னைப் பற்றிப் பேசிய ரோட்ரிகோ பென்டன்குருக்கு 7 ஆட்டங்களும் கிடைத்தன. கவானியின் தடை கூடுதல் என்று நினைப்பவர்களிடம் எனக்குப் பிணக்கு இல்லை. அவர் யாரையும் இழிவுபடுத்த முயலவில்லை. பென்டன்குர் விஷயத்தில் "சன்னே மன்னித்துவிட்டார், பிறகென்ன?" என்று கேட்பதைத்தான் ஏற்க முடியவில்லை. சன்னும் அவருடைய உறவினர்களும் ஒரே மாதிரி இருப்பார்கள் என்ற பொருளில் சொல்லப்பட்ட பேச்சு, அதே முகச்சாயலோடு கேலரியில் உட்கார்ந்திருக்கும் சிறுவனையும் சேர்த்தே குத்துகிறது. அவன் சார்பில் மன்னிக்க சன்னுக்கு எப்படி உரிமை வரும்?

ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியில் ஆடிய கிளென் கமாராவின் கதையை உங்கள் மன்றக் கூட்டங்களில் ஒருமுறையாவது பேசுங்கள். 2021 மார்ச்சில் ரேஞ்சர்ஸ், ஸ்லாவியா பிராக் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஸ்லாவியாவின் ஒண்ட்ரே குடேலா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு கமாராவின் காதருகே குனிந்து எதையோ சொன்னார்; அது நிறவெறி வசவு என்று கமாரா புகார் சொன்னார். விசாரித்த யூஃபா குடேலாவுக்கு 10 ஆட்டங்கள் தடை விதித்தது. ஆட்டம் முடிந்தபின் அவரைத் தாக்கியதற்காகக் கமாராவுக்கும் 3 ஆட்டங்கள் தடை கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ரேஞ்சர்ஸ் மீண்டும் பிராக் நகரத்துக்குச் சென்றது, இம்முறை அந்நகரின் இன்னொரு அணியான ஸ்பார்ட்டாவுடன் ஆட. மொனாக்கோ வீரர் ஒருவரை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தியதால் ஸ்பார்ட்டா ரசிகர்களுக்கு அரங்கம் மூடப்பட்டிருந்தது. பெரியவர்களுக்குப் பதிலாகப் பள்ளிக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் அழைத்துவரப்பட்டார்கள். கமாராவிடம் பந்து வந்தபோதெல்லாம் அவர்கள் கூச்சலிட்டு ஏளனம் செய்தார்கள். அதில் நிறவெறி இல்லை என்று கிளப் மறுத்தது, இருக்கட்டும். ஆனால் பிராக் நகரத்தில் கமாராவின் பெயர் என்னவாக ஆகிவிட்டிருந்தது என்பதை அந்தக் குழந்தைகளுக்கு வீட்டிலும் கேலரியிலும் யாரோ சொல்லித்தானே கொடுத்திருக்க வேண்டும்?

உங்களிடம் நான் கேட்பது இதுதான். புகார் எழுந்தால் தீர்ப்பின் காரணங்கள் வெளிவரும்வரை "எங்கள் வீரருக்கு ஆதரவு" என்ற பதாகையைத் தூக்காதீர்கள். வெளிவந்ததும் படியுங்கள், முடிந்தால் மொழிபெயர்த்து உறுப்பினர்களுக்குச் சுற்றுக்கு விடுங்கள். பிறகு தடை கூடுதல் என்று பட்டால் கிளப்பிடம் சொல்லி மேல்முறையீடு செய்யவையுங்கள்; அது உரிமை. புகார் சொன்ன வீரர் எந்த அணிக்காரராக இருந்தாலும், அவர் உங்கள் மைதானத்துக்கு வரும்போது அவரைக் குறிவைத்துக் கூச்சலிடும் உறுப்பினரை மன்றத்திலிருந்து நீக்குங்கள். கேலரியில் பக்கத்து இருக்கைக்காரர் நிறவெறியோடு கத்தினால் இருக்கை எண்ணைக் குறித்து மைதானக் காவலரிடம் கொடுங்கள். வலென்சியாவின் மெஸ்டாயா மைதானத்தில் ரியல் மாட்ரிட்டின் வினிசியஸ் ஜூனியரை நிறவெறியோடு இழிவுபடுத்திய மூன்று பேருக்கு 2024 ஜூனில் நீதிமன்றம் 8 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. ஸ்பெயினில் அத்தகைய முதல் தீர்ப்பு அது. ஆள் அடையாளம் தெரிந்தால்தான் வழக்கு நிற்கும், கேலரியில் அந்த ஆளுக்கு மிக அருகில் இருப்பவர்கள் நாம்.

இதை எழுத்தில் ஏற்று, அடுத்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு முன்பே, யார் மீதும் புகார் இல்லாத நேரத்தில், உங்கள் உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். மறுப்பதாக இருந்தால் ஏன் என்று எனக்கு எழுதுங்கள், அதையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவனான ஒரு ரசிகன்