மலைக்குள் ஓடியவனை ஸ்டுடியோவில் தேடாதீர்கள்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கும் யூடியூப் சேனல் நடத்துவோருக்கும்,

வணக்கம். எந்த நாட்டில் போலீஸ் தேடும் எவன் மலைக்குள் ஓடினாலும் அன்று இரவே உங்கள் திரையில் வரைபடம் வந்துவிடுகிறது. சிவப்பு வட்டம், குகை, ‘உள்ளூர்க்காரர்கள் சோறு போடுகிறார்கள்’ என்ற ஊகம். இது எத்தனை பேரைக் காயப்படுத்தும் என்பதை அமெரிக்காவின் எரிக் ருடால்ஃப் வழக்கை வைத்தே சொல்கிறோம்.

1996 ஜூலை 27 அன்று அட்லாண்டா ஒலிம்பிக் பூங்காவில் குண்டு வைத்தவன் அவன். 1998 ஜனவரியில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் ஒரு கருக்கலைப்பு மருத்துவமனையில் குண்டு வெடித்த பிறகுதான் பெயர் தெரிந்தது. வட கரோலினாவின் நாந்தஹாலா மலைக்காட்டுக்குள் மறைந்தான். தலைக்கு 10 லட்சம் டாலர் அறிவித்தும் ஐந்து ஆண்டுக்கு மேல் சிக்கவில்லை.

ஏன் சிக்கவில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். காட்டின் பரப்பு 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். 200 பேர் ஐந்து மீட்டருக்கு ஒருவராக நின்றால் வரிசையின் அகலம் ஒரு கிலோமீட்டர். ரோடோடென்ட்ரான் புதர் பின்னிக்கிடக்கும் சரிவில் மணிக்கு அரை கிலோமீட்டர் நகர்ந்தாலே பெரிது. ஆறு மணி நேரத்துக்கு மூன்று சதுர கிலோமீட்டர். காட்டை ஒரு முறை அலசி முடிக்க 650 நாளுக்கு மேலாகும். வரிசை கடந்துபோன இடத்தில் அவன் திரும்ப வந்து படுத்துக்கொண்டால் அத்தனையும் வீண். ஹெலிகாப்டரின் வெப்பக் கேமராவை அடர்ந்த இலைக்கூரை மறைத்துவிடும். இடைவெளியில் தெரிவது மானா, கரடியா, மனிதனா என்று ஒவ்வொரு முறையும் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். நாள்பட்ட தடத்தில் மோப்ப நாய்க்கும் வேலையில்லை.

ஆனால் வயிற்றை ஒளித்துவைக்க முடியாது. குளிரில் மலை ஏறி இறங்குகிறவனுக்கு நாளொன்றுக்கு 3,000 கலோரியாவது வேண்டும். காய்ந்த தானியமாகச் சுமார் 850 கிராம். நூறு நாளுக்கு 85 கிலோ. வேட்டையாடியே இதை ஈடுகட்டுவது கடினம். அவனும் 1998 ஜூலையில் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து உணவையும் வண்டியையும் எடுத்துக்கொண்டு 500 டாலரை வைத்துவிட்டுப் போனான். பிறகு இரவுகளில் தானியக் கிடங்குகளிலிருந்து சோயாவும் சோளமும் திருடிச் சுமந்தான். கடைகளின் குப்பைத்தொட்டியைக் கிளறினான். ஊர் விளிம்பை விட்டு அவனால் வெகுதூரம் விலக முடியவில்லை.

2003 மே 31, விடியற்காலை. மர்ஃபி என்ற சிற்றூரில் மளிகைக் கடையின் பின்புறம் வழக்கமான ரோந்தில் வந்த, பணிக்குப் புதிய காவலர் ஒருவர், இருட்டில் பதுங்கிய ஆளைப் பார்த்தார். கடையை உடைக்க வந்த திருடன் என்றுதான் நினைத்தார். பிடிபட்டவன் பொய்ப்பெயர் சொன்னான். அந்தத் தேடல் அங்கே முடிந்தது.

இதே வழக்கில் ஊகம் செய்த கொடுமை ஒன்று உண்டு. அட்லாண்டாவில் குண்டுப் பையை முதலில் கவனித்து மக்களை விலக்கிய பாதுகாவலர் ரிச்சர்ட் ஜுவெலையே ஊடகங்கள் சந்தேக ஆளாக்கின. அவர்மேல் விசாரணை இல்லை என்று அரசு எழுதித்தர 88 நாள் ஆனது. நம் பக்கமும் மறக்கவில்லை. வீரப்பன் தேடுதலில் ‘உதவியிருப்பார்கள்’ என்ற சந்தேகத்துக்கு மலைக்கிராம மக்கள் கொடுத்த விலை, தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழுவின் விசாரணையில் பதிவானது.

அதனால் கேட்கிறோம். தேடும் படை எந்தச் சரிவில் ஏறுகிறது என்று நேரலையில் காட்டாதீர்கள். ஒளிந்திருப்பவனிடமும் ரேடியோ இருக்கலாம். ஊர்க்காரர் எவரையும் ‘ஆதரவாளர்’ என்று ஊகித்துப் பெயர் சொல்லாதீர்கள். அதற்குச் செலவிடும் நேரத்தில், தேடப்படுகிறவனின் தாடியோடும் தாடி இல்லாமலும் இளைத்தும் இருக்கக்கூடிய முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுங்கள். கொட்டகையில் தானியம் குறைந்ததா, தோட்டத்து வீட்டின் பூட்டு நெம்பப்பட்டிருக்கிறதா, குப்பைத்தொட்டி இரவில் கிளறப்படுகிறதா என்று அடிவாரத்து மக்களைக் கேளுங்கள். கண்டால் கிட்டே போகாமல் எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதைத் திரையின் கீழே ஓடவிடுங்கள்.